ஐஸுக்கு வெள்ளை பூசாதீர்கள்: புரூகலின் ‘பறவைப் பொறி’யை நேரளவில் பிரதி எடுத்தல்

மார்கழி விடியலில் புல்மேல் நிற்பதும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி, ஆறு உறைந்து கல்லாய்க் கிடப்பதும் பனிதான் நமக்கு. பேச்சில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. பிரஷைக் கையில் எடுத்தால்தான் தொல்லை. கூரைமேல் படிந்த பனி வேறு, காலுக்குக் கீழே இருக்கும் ஐஸ் வேறு. முன்னது வெளிச்சத்தை அப்படியே திருப்பிவிடும். பின்னது பாதியை உள்ளே வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே வெள்ளையைப் பூசினால் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்படித்த களத்துமேடுதான் வரும். பனிக்காலப் படங்களைப் பிரதி எடுத்துக் கெடுக்கிறவர்களில் பெரும்பாலோர் கெடுப்பது இங்கேதான். அதனால் கீழே உள்ள வேலை முழுவதும், பலகைக்குப் பட்டி பார்ப்பதிலிருந்தே, அந்த ஐஸை மனதில் வைத்துத்தான் நடக்கிறது.

எடுத்துக்கொண்ட படம் பிளெமிய (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியர் மூத்த பீட்டர் புரூகல் 1565இல் வரைந்தது. பலகைமேல் எண்ணெய் வண்ணம், 37 × 55.5 செ.மீ. பிரஸ்ஸல்ஸில் உள்ள பெல்ஜிய அரச கவின்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடப்பக்கம் பனி மூடிய கிராமம், நடுவே உறைந்த ஆறு, அதன்மேல் சறுக்கி விளையாடும் ஊர்க்காரர்கள். வலப்பக்கம் ஒரு பழைய கதவைக் குச்சியால் முட்டுக்கொடுத்து நிறுத்திய பறவைப் பொறி. குச்சியில் கட்டிய கயிறு ஒரு வீட்டின் இருண்ட சன்னல் வரை போகிறது. பறவைகள் அது தெரியாமல் கதவடியில் இரை பொறுக்குகின்றன. ஐஸ்மேல் இருப்பவர்களுக்கும் கால் எந்த நேரத்தில் உள்ளே போகும் என்று தெரியாது.

பிரதி எடுக்க இதைவிடத் தோதான படம் குறைவு. ஓவியரின் மகன் இளைய பீட்டர் புரூகலின் பட்டறையிலிருந்தும் அதைச் சுற்றியும் இதே படத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் வந்திருக்கின்றன. அளவும் கைக்கு அடக்கம். ஏ2 தாள் 42 × 59.4 செ.மீ. என்பதால் நேரளவு அச்சு ஒரே தாளில் அடங்கி, சுற்றிலும் பிடித்துக்கொள்ள ஓரமும் மிஞ்சும்.

பலகையும் பட்டியும்

மூலத்துக்குப் பயன்பட்டது ஓக் மரம். நமக்கு 9 மி.மீ. எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போதும். பிளைவுட் எடுத்தால் மேல்தோல் இரண்டு மூன்று வருடத்தில் மயிரிழை வெடிப்பு விட்டு, அது பட்டியைத் தாண்டி வண்ணத்திலும் தெரியும். பிளைவுட்தான் கிடைக்கிறது என்றால் தஞ்சாவூர்ப் படக்காரர்கள் செய்வதுபோலப் பழைய வேட்டித் துணியை முதலில் பசைவைத்து ஒட்டிவிட்டு மேலே போகலாம். எம்.டி.எஃப்பின் ஆபத்து விளிம்பில் இருக்கிறது. வெட்டிய விளிம்பு தண்ணீரைக் குடித்து உப்பும். நான்கு விளிம்புக்கும் முதலிலேயே ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) இரண்டு கை அடித்துக் காயவிட வேண்டும்.

பட்டி என்பது வஜ்ஜிரமும் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) சாக் பவுடரும் சேர்ந்தது. இந்த ஒரு பலகைக்குக் கணக்கு: தண்ணீர் 400 மி.லி., தோல் வஜ்ஜிரம் 28 கிராம். வஜ்ஜிரத்தை இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். விரல் பொறுக்கிற சூட்டைத் தாண்டக் கூடாது. 60 டிகிரிக்கு மேல் போனால் ஒட்டும் வலு குறையும், கொதித்தால் வேலை முடிந்தது. ஐரோப்பியப் புத்தகங்கள் ‘ஆறியதும் ஜெல்லி போல் உறைகிறதா பார்’ என்று சொல்லும். சென்னை வெயிலில் 32 டிகிரி அறையில் அது உறையவே உறையாது. பசை நீர்த்துவிட்டது என்று நினைத்து இன்னும் வஜ்ஜிரம் போட்டால் பட்டி வெடிக்கும். ஒரு ஸ்பூன் எடுத்து ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். தட்டினால் ஆடுகிற, விரலால் குத்தினால் சொரசொரப்பாகப் பிளக்கிற ஜெல்லி வந்தால் சரி. ரப்பர் மாதிரி இருந்தால் தண்ணீர் சேருங்கள்.

அந்த 400இல் 100 மி.லி.யை எடுத்துப் பலகையின் முன்னும் பின்னும் பூசிக் காயவிட வேண்டும். மீதி 300 மி.லி.யில் 420 கிராம் சாக் பவுடரைச் சல்லடை வழியாகத் தூவ வேண்டும். தூவியதைக் கலக்காமல் தானாக மூழ்கவிட்டு, பிறகு மெதுவாக ஒரே பக்கமாகக் கிளறுங்கள். வேகமாக அடித்தால் காற்று புகுந்து, காய்ந்தபின் குண்டூசித் துளைகளாக நிற்கும். கடையில் கேட்கும்போதும் கவனம் வேண்டும். ‘பிரெஞ்சு சாக்’ என்று தருவது டால்க், அது வேறு. நமக்கு வேண்டியது கால்சியம் கார்பனேட்.

முதல் கை மட்டும் விரலால் தேய்த்துப் பூச வேண்டும். அது பலகையின் நுண்துளைகளை அடைக்கும். அடுத்த ஏழு கைகள் பட்டை பிரஷால், ஒன்று நெடுக்கே என்றால் அடுத்தது குறுக்கே. முந்தைய கையின் ஈர மினுமினுப்பு போனவுடன், முழுக்கக் காய்வதற்கு முன்பே, அடுத்ததைப் போட வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்த இடத்தில் ஏடு பிரியும். பின்பக்கமும் மூன்று கை போடுங்கள், இல்லாவிட்டால் பலகை வில்லாக வளையும். மின்விசிறி வேண்டாம். மேலே மட்டும் சீக்கிரம் காய்ந்து இழுத்தால் சிலந்தி வலை போல வெடிப்பு விழும்.

வெடிப்பு வந்தால் பசை அதிகம், அல்லது காய்ந்த வேகம் அதிகம். விரலால் தடவினால் மாவு ஒட்டினால் பசை குறைவு. மாவு ஒட்டுவதற்கு மேலே ஒரு கை மெல்லிய வஜ்ஜிர நீர் போட்டுச் சமாளிக்கலாம். வெடிப்புக்கு மருந்து இல்லை. ஈரத்துணியால் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மிஞ்சிய பசை மழைக்காலத்தில் இரண்டே நாளில் நாறும், வைத்திருந்து பயன்படுத்தாதீர்கள்.

மூன்று நாள் கழித்து 240, பிறகு 400 எண் உப்புத்தாள். கடைசியில் ஈரம் பிழிந்த துணியால் வட்டமாக ஒரு தடவை. முட்டை ஓட்டின் வழவழப்பு வர வேண்டும். இந்த வழவழப்பு அழகுக்காகச் செய்வதில்லை. பின்னால் போடப்போகும் மரக்கிளைக் கோடுகள் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியவை. மேடு பள்ளம் இருந்தால் அவை நடுவில் அறுந்துவிடும்.

ஐஸின் நிறம் இங்கேதான் இருக்கிறது

வெள்ளைப் பட்டி காய்ந்தபின் எண்ணெயை உறிஞ்சாமல் இருக்க, சித்திர வேலைக்கான ஆளிவிதை எண்ணெயில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு டர்பன்டைன் கலந்து ஒரு கை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஹார்டுவேர் கடை ‘டபுள் பாயில்ட்’ லின்சீட் வேண்டவே வேண்டாம். சன்னல் சட்டத்துக்கு நல்லது, படத்துக்கு எமன். கருத்துவிடும்.

அடுத்த நாள் அடிநிறம். இடக்கைச் சுட்டுவிரல் நகத்தளவு மஞ்சள் ஓக்கர் (மண்மஞ்சள் வண்ணம்), அதில் பாதி ரா அம்பர் (மண்பழுப்பு வண்ணம்), இரண்டு நெல்லிக்காய் அளவு வெள்ளை. டர்பன்டைனில் பால் கொஞ்சம் தூக்கலான டீயின் நிறத்துக்குக் கரைத்து, 2 அங்குல பன்றிமயிர் பிரஷால் படுக்கைவாட்டில் இழுக்க வேண்டும். ஒரே சீராகப் பூச முயலாதீர்கள். பிரஷின் கீற்றுகள் தெரியட்டும். பழைய பிளெமிய ஓவியங்களில் இப்படிக் கீற்றுத் தெரியும் அடிநிறம் பழக்கமானது. பின்னால் ஐஸ்மேல் வரும் மெல்லிய வண்ணத்துக்குக் கீழே இந்தப் படுக்கைக் கீற்றுகள்தான் உறைந்த தண்ணீரின் வரிகளாகத் தெரியப்போகின்றன. அம்பர் சேர்ந்திருப்பதால் மூன்று நாளில் காய்ந்துவிடும்.

வெள்ளை பற்றி ஒரு வார்த்தை. புரூகல் காலத்து வெள்ளை ஈய வெள்ளை. இன்றைய டைட்டானியம் வெள்ளைக்கும் அதற்கும் நடத்தையில் மலையளவு வித்தியாசம். ஈய வெள்ளையை மெல்லிசாகப் பூசினால் கீழே இருப்பது தெரியும். டைட்டானியம் எல்லாவற்றையும் மூடிவிடும். ஈயப் பொடியை வீட்டில் அரைப்பது விஷத்தோடு விளையாடுவது, அந்தப் பக்கமே போக வேண்டாம். மாற்று எளிது. சாக் பவுடரை ஆளிவிதை எண்ணெயில் பற்பசை பதத்துக்குக் குழைத்து, அதில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு டைட்டானியம் சேருங்கள். எண்ணெயில் நனைந்த சாக் கண்ணாடி போல ஆகிவிடும் என்பதால் வெள்ளையின் மூடும் வலு பாதியாகக் குறையும். இதற்கு ‘ஐஸ் வெள்ளை’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். சாக் சேராத டைட்டானியம் ‘பனி வெள்ளை’. இரண்டையும் வேறு வேறு தட்டில் வையுங்கள், இரண்டுக்கும் வேறு பிரஷ். ஜிங்க் வெள்ளை மூடும் வலு குறைந்தது என்று அதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. எண்ணெயில் அது வருடங்கள் போகப் போக மொறமொறப்பாகி ஏடு விடும், கடினப் பலகையானாலும் தவிர்ப்பது நல்லது.

துளைத்தாள்

வரைபடத்தை இறக்குவதற்கு இளைய புரூகலின் பட்டறை பயன்படுத்தியது துளைத்தாள். நம் ஊரில் ஆரி வேலைக்குத் துணியில் டிசைன் இறக்குகிறார்களே, அதே முறைதான். ட்ரேசிங் தாளில் கோட்டின்மேல் ஊசியால் வரிசையாகக் குத்தி, மேலே பொடி தட்டுவது.

அச்சு எடுக்கும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வு எங்கோ ஒளிந்திருந்து அளவைக் கெடுக்கும். கோப்பின் ஓரத்தில் 10 செ.மீ. கோடு ஒன்றைச் சேர்த்து அச்சடித்து, ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 9.7 வந்தால் அந்தத் தாள் குப்பைக்கு. இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் படங்களில் ஒன்று தேன் நிறம், ஒன்று சாம்பல் நிறம், ஒன்று நீலம். கோட்டுக்கு எதையும் நம்பலாம், நிறத்துக்கு ஒன்றையும் முழுசாக நம்பக் கூடாது. அருங்காட்சியகமே வெளியிட்டதை அடிப்படையாக வைத்து, மற்றதை ஒதுக்கிவிடுங்கள்.

ட்ரேசிங் தாளில் எடுக்க வேண்டியவை: ஆற்றின் கரைகள், கூரை விளிம்புகள், தேவாலயம், அடிமரங்கள், பொறியின் கதவு, மனிதர்களின் உருவ விளிம்பு. கிளைகளை எடுக்காதீர்கள். கிளையைப் புள்ளி வைத்து இணைத்தால் கம்பிவேலி மாதிரி இருக்கும். 10ஆம் எண் தையல் ஊசியை ஒரு தக்கையில் செருகிக்கொண்டு, கட்டடங்களுக்கு 2 மி.மீ. இடைவெளி, மனிதர்களுக்கு 1 மி.மீ. அடியில் மடித்த கம்பளி. குத்தி முடித்தபின் பின்பக்கத்தில் எழும்பிய பிசிறை 400 உப்புத்தாளால் ஒரு தடவை இழுத்தால்தான் துளை திறக்கும். இதை விட்டுவிட்டுப் பொடி இறங்கவில்லை என்று அழுத்தித் தேய்ப்பார்கள், பலகை முழுக்கக் கரி ஆகும்.

கரித்துண்டை அரைத்து மல்துணியில் முடிந்து, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. தாளை நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துத் திருப்தியானபின் எடுங்கள். புள்ளிகளை 1ஆம் எண் பிரஷில் நீர்த்த அம்பரால் இணைத்து, காய்ந்ததும் மிஞ்சிய கரியை உலர்ந்த பிரஷால் தட்டிவிட வேண்டும். இந்தக் கரி ஐஸ் வண்ணத்தில் கலந்தால் மொத்தமும் அழுக்குச் சாம்பலாகிவிடும். பென்சிலால் இணைப்பவர்கள் உண்டு. மெல்லிய வண்ணத்தின் கீழே கிராஃபைட் பளபளக்கும் என்பதால் அது இங்கே சரிப்படாது.

வானம், பிறகு ஆறு

வானத்தில் நீலம் தேட வேண்டாம். ஐஸ் வெள்ளை பத்துப் பங்கு, மஞ்சள் ஓக்கர் ஒன்று, ஐவரி கறுப்பு ஊசிமுனையளவு. தொடுவானத்தில் ஓக்கர் கொஞ்சம் கூட, மேலே போகப் போகக் கறுப்பு கொஞ்சம் கூட. வெள்ளையும் கறுப்பும் சேர்ந்த சாம்பல், பழுப்பு அடிநிறத்துக்குப் பக்கத்தில் வந்தவுடன் கண்ணுக்கு நீலமாகத் தெரியும். நீலக் குழாயைத் திறக்காமலேயே நீலம் கிடைக்கும். அல்ட்ராமரின் ஒரு துளி சேர்த்துப் பார்த்த சோதனைத் துண்டில் தொடுவானம் நீச்சல்குளமாகிவிட்டது.

வானத்தை மெல்லிசாகப் பூசி, உலர்ந்த மென்மயிர் பிரஷால் மேலோட்டமாகத் தட்டிச் சமப்படுத்தி, ஒரு வாரம் காயவிடுங்கள். எண்ணெய் வண்ணம் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுவது. ஆவியாவதில்லை. அதனால் இருட்டறையில் பூட்டி வைத்தால் காயாது. வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும்.

இப்போது ஐஸ். மூன்று சிறு குவியல்கள். முதலாவதில் ஐஸ் வெள்ளை நான்கு, ஓக்கர் ஒன்று, ரா அம்பர் அரை, கறுப்பு தொட்டும் தொடாமலும். இது முன்பக்கத்து ஐஸ், கொஞ்சம் ஆலிவ் பச்சை தட்டும். இரண்டாவதில் வெள்ளை இரட்டிப்பு, இது நடு ஆறு. மூன்றாவது வானத்தின் கலவையோடு பாதிக்குப் பாதி கலந்தது, தூரத்து வளைவு.

8ஆம் எண் தட்டை மென்பிரஷில் கொஞ்சமாக எடுத்து, பழைய துணியில் பாதியைத் துடைத்துவிட்டு, மிச்சத்தைப் படுக்கைவாட்டில் இழுக்க வேண்டும். மேலிருந்து கீழாக ஒரு கீற்றுகூட வரக் கூடாது. உடனே மல்துணியைப் பஞ்சுபோல் சுருட்டி மெல்ல ஒற்றுங்கள். அடிநிறம் மூன்றில் ஒரு பங்காவது மேலே எட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை ஒற்றிக்கொண்டே இருங்கள். கரையோரத்தில் வண்ணமே இல்லாமல் அடிநிறத்தை விரற்கடை அகலத்தில் கால்வாசி விட்டுவிட்டால் ஐஸ் அங்கே கரைக்குள் நுழைவதுபோலத் தெரியும். முழுக்க அடைத்துப் பூசினால் ஆறு கரைமேல் ஒட்டிய காகிதமாக நிற்கும்.

ஈரமாக இருக்கும்போதே பிரஷின் மரக்காம்பைக் கூர்மையாக்கிச் சில சறுக்குத் தடங்களைக் கீறுங்கள். நீளமான வளைவுகள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு. கீறிய இடத்தில் அடிநிறத்தின் பழுப்பு வெளியே வரும். உண்மையான சறுக்குத் தடம் இப்படித்தான் இடத்துக்கு இடம் அழுத்தம் மாறி இருக்கும். காய்ந்தபின் பிரஷால் போட்டால் அந்த மாற்றம் வராது, ரயில் தண்டவாளம் வரும். இருபது கீறலுக்கு மேல் வேண்டாம், கை அரிக்கும்.

சுண்ணாம்பாகிவிட்டால்? ஈரமாக இருந்தால் டர்பன்டைன் துணியால் அந்தப் பகுதியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். காய்ந்துவிட்டால் ரா அம்பரை எண்ணெயில் தேநீர் வடிநீர் போல நீர்த்துப் பூசி, உள்ளங்கையால் தட்டித் துடைத்தால் பாதி மீட்கலாம். பாதிதான். அடியில் மூடிப்போன வெளிச்சம் மேலே பூசித் திரும்ப வராது.

பனி

ஐஸுக்கு நேரெதிர் வேலை. பனி வெள்ளை பத்துக்கு ஓக்கர் ஒன்று, அம்பர் சிட்டிகை. கட்டியாக, ஒரே இழுப்பில், திரும்பத் தொடாமல். கூரையில் பனியின் பருமனைக் காட்டுவது வெள்ளை இல்லை, கூரை ஓரத்தில் அதற்குக் கீழே ஓடும் மெல்லிய கருங்கோடு. அந்தக் கோட்டை முதலில் போட்டுவிட்டு வெள்ளையை அதன்மேல் பாதி ஏறும்படி இழுத்தால் அரை அடி பனி உட்கார்ந்துவிடும். ஓக்கர் சேராத சுத்த வெள்ளை படம் முழுவதிலும் ஐந்தாறு இடத்துக்குமேல் வரக் கூடாது. பிரதியைச் சுவரில் மாட்டிக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பனி, வானம், ஐஸ் மூன்றும் இந்த வரிசையில் வெளிச்சம் குறைந்துகொண்டே வர வேண்டும். வானம் பனியைவிட வெளிச்சமாக இருந்தால் அது விடியற்காலை, இந்தப் படத்தின் மந்தமான பகல் இல்லை.

கிளைகள்

வானம் முழுக்கக் காய்ந்த பிறகுதான். விரலால் தொட்டு ஒட்டவில்லை என்பது போதாது. வெள்ளைத் துணியில் டர்பன்டைன் தொட்டு ஓரத்தில் தேய்த்து நிறம் வருகிறதா பார்க்க வேண்டும்.

ரா அம்பரோடு கால் பங்கு ஐவரி கறுப்பு. சம அளவு டர்பன்டைன், இரண்டு சொட்டு எண்ணெய். நீளமயிர் லைனர் பிரஷ், 0 அல்லது 1. ஒரு காகிதத்தில் இழுத்தால் அறுந்துபோகாமல் 5 செ.மீ. ஓட வேண்டும். அறுந்தால் டர்பன்டைன் சொட்டு, பரவினால் வண்ணம் கொஞ்சம். போர்டு எழுதுகிறவர்கள் மணிக்கட்டுக்கு ஊன்றிக்கொள்ளும் குச்சி இல்லாமல் இந்த வேலை செய்யாதீர்கள். கை பலகையில் பட்டால் பனி முழுக்க அழியும்.

அடிமரத்திலிருந்து வெளியே போகும் திசையில் இழுத்து, நுனியில் பிரஷைத் தூக்கிவிட வேண்டும். ஒரு கிளை பிரியும் இடத்தில் பிரிந்த ஒவ்வொன்றும் தாய்க்கிளையைவிட மெலிந்தே இருக்கும். இதை மட்டும் நினைவில் வைத்தால் மரம் பிழைக்கும். தூரத்து மரங்களுக்குக் கறுப்பை நிறுத்திவிட்டு வானக் கலவையைச் சேருங்கள்.

எண்ணெய்ப் பசையுள்ள வானத்தின்மேல் கோடு சொட்டுச் சொட்டாகத் திரண்டுகொள்ளும், தாமரையிலைத் தண்ணீர் மாதிரி. பழைய ஓவியர் வைத்தியம்: வெங்காயத்தைப் பாதியாக வெட்டி அந்த இடத்தில் லேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மேலே வரையலாம். நன்றாகவே வேலை செய்கிறது. அறை மட்டும் சாம்பார் வெங்காயம் உரித்த மாதிரி நாறும்.

முன்பக்கத்துக் கிளைகளில் உட்கார்ந்திருக்கும் பறவைகளை நிறைய பேர் சின்னதாக்கிவிடுகிறார்கள், பறவை என்றால் சின்னது என்ற நினைப்பில். மூலத்தில் அவை தூரத்தில் சறுக்கும் மனிதர்கள் அளவுக்கே இருக்கின்றன. அளவு மாறினால் படத்தின் ஆழம் சுருங்கிவிடும். துளைத்தாளில் இருக்கிற அளவையே நம்புங்கள்.

சறுக்குகிறவர்கள்

மனிதர்களை எப்போதும் கடைசியில், காய்ந்த ஐஸ்மேல். தூரத்திலிருந்து முன்னால் வர வேண்டும். ஒரு உருவத்தைக் கிட்டே வைத்துப் பார்ப்போம், நடு ஆற்றில் ஒற்றைக் காலில் சறுக்கும் ஒருவன். 0 எண் பிரஷ். முதலில் உடம்பு, தலை இல்லாமல், முன்னால் சாய்ந்த ஒரு காற்புள்ளி மாதிரி, அம்பரும் கறுப்பும். அதிலிருந்து எடை தாங்கும் கால், நேராக இல்லாமல் முழங்காலில் லேசாக மடிந்து. பின்னால் போகும் கால் வெளிப்பக்கம் திரும்பி. கை கீழே தொங்கக் கூடாது, மார்பில் கட்டியோ பின்னால் சேர்த்தோ இருக்கும். தலைக்கு ஒரு கறுப்புத் தொப்பிப் புள்ளி, அதன் கீழே ஓக்கரும் சிவப்பும் கலந்த ஒரே ஒரு தொடுகை. கண் மூக்கு வரைய முயன்றால் பொம்மைக் கொலு வந்துவிடும்.

அந்தக் காலத்துச் சறுக்குக்கட்டை என்பது மரத்தில் பதித்த இரும்புத் தகடு, தோல்வாரால் செருப்பில் கட்டியது, முன்முனை மேலே வளைந்தது. இந்த அளவில் அது காலடியில் 2 மி.மீ. கருங்கோடும் அதன் முன்முனையில் ஒரு தூக்கலும்தான். ஆனால் அந்தத் தூக்கல் இல்லாவிட்டால் ஆள் நடக்கிறான், சறுக்கவில்லை.

அடுத்து, ஆளை ஐஸில் நிறுத்துவது. பக்கவாட்டில் நீண்ட நிழல் போடாதீர்கள். மேகம் மூடிய பகலில் நிழல் விழாது. போட்டால் ஆள் தரைக்கு மேலே மிதப்பான். காலடிக்கு நேர் கீழே, ஐஸ் முதல் கலவையில் கொஞ்சம் அம்பர் சேர்த்து, அரை மில்லிமீட்டர் மங்கல் போதும். பிறகு உலர்ந்த பிரஷால் அதைக் கீழ்நோக்கி ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டால் பிரதிபிம்பத்தின் சாடை வரும்.

சிவப்பைக் கஞ்சத்தனமாகச் செலவிடுங்கள். கேட்மியம் சிவப்பு, ஓக்கர் சேர்த்து அடக்கியது, படம் முழுக்க ஏழெட்டுத் தொடுகை. வெள்ளை மேலாடைக்கும் தலைத்துணிக்கும் பனி வெள்ளையைப் போடாமல் சாம்பல் தட்டியதைப் போட வேண்டும். கிராமத்துக்கு அப்பால் இருப்பவர்களுக்குக் கறுப்பே கிடையாது, அம்பரும் வானக் கலவையும் மட்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய எண்ணெய் ஓவியங்களில் வண்ணம் வயதாக ஆக ஊடு தெரிய ஆரம்பிக்கும். உருவத்தின் வழியே பின்னாலிருக்கும் கரைக்கோடு தெரிந்தால், அது ஓவியர் போட்டதல்ல, நானூறு வருடம் போட்டது. அதையும் சேர்த்து வரைந்தால் உங்கள் பிரதியில் பேய் சறுக்கும்.

பொறி கடைசி. கதவின் பலகை வாட்டத்தில் மூன்று பழுப்புக் கீற்று, அடியில் படத்திலேயே ஆழமான இருட்டு, முட்டுக் குச்சி ஒரே இழுப்பு. கயிறு லைனர் பிரஷில், ஸ்கேல் வைக்காமல், நடுவில் லேசாகத் தொய்ந்து. நேர்க்கோடாகப் போட்டால் அது கம்பி.

முடித்த பின்

எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ கொடியில் விரித்துக் காயவைத்தோ பிறகு எறியுங்கள்.

மூலத்தில் இருக்கும் கையொப்பத்தையும் ஆண்டையும் பிரதியில் எழுத வேண்டாம். பின்பக்கத்தில் அழியாத மையால் பிரதி என்பதையும், எதன் பிரதி, எந்த வருடம், என்ன வெள்ளை, என்ன பசை என்பதையும் எழுதிவிடுங்கள். பின்னால் யாராவது பழுதுபார்க்க நேர்ந்தால் அந்த நான்கு வரி பெரிய உதவி.

வார்னிஷ் ஆறு மாதத்துக்குப் பிறகு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம், ஈரம் சிக்கி வார்னிஷில் வெள்ளைப் புகை படியும். மாசி, பங்குனியில் வெயில் ஏறிய பிறகு, பலகையைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக்கொண்டு ஒரே மெல்லிய கை. பளபளப்பு வேண்டாம், மேட் வகை நல்லது. பளபளத்தால் ஐஸின் அடிநிறத்துக்குப் பதிலாக உங்கள் டியூப்லைட்தான் தெரியும்.

அலமாரியிலோ சுவரைப் பார்த்துத் திருப்பியோ சில மாதம் வைத்திருந்து எடுத்தால் பனி மஞ்சளாகியிருக்கும். வண்ணம் கெட்டுவிட்டதாக நினைத்து மேலே வெள்ளை பூசிவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சத்தில் தெளியும். நேர் வெயில் படாத சன்னலோரத்தில் பத்துப் பதினைந்து நாள் வைத்தால் பெரும்பாலும் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.